நாற்பதைத் தாண்டாத வண்டி

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், ஆரணி வீட்டில் தேவிப்ரியா தன் கணவன் கமலக்கண்ணனுக்குச் சீட்டு எழுதினாள்.

"சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கத்திரிக்கா குழம்ப சுட வச்சுக்கோங்க. தறிக்காரர் பாவு கேட்டு வந்தா நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் அம்மாகூட இருக்க பெரணமல்லூர் போறேன். சாயங்காலம் கார எடுத்துகினு வந்து என்னைக் கூட்டிகினு போங்க."

அந்தக் காரில்தான், நெஞ்சுவலியில் துடித்த அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"ஜல்தியா போங்க" என்று தேவிப்ரியா கதறினாள்.

"பழைய டர்போ டீசல். இப்பதான் பிஸ்டன் ரிங் மாத்தியிருக்கு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடற வரைக்கும் ஸ்பீடு நாப்பதத் தாண்டக்கூடாது" என்றான் வண்டியை ஓட்டிய கமலக்கண்ணன்.

கண்ணமங்கலத்தில் அப்பாவின் மூச்சு நின்றது. அப்போதும் முள் நாற்பதில்தான் இருந்தது.

சீட்டின் அடியில் இடுக்கி இன்னொரு வரி எழுதினாள்: "இன்ஜின் ஆயில முழுசா இறக்கிட்டேன். ஊத்தாம எடுத்தா இன்ஜின் ஜாமாயி நின்னுடும்."

ஒருமுறை படித்தாள். அந்த வரியை மட்டும் கிழித்துக் கசக்கி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் கமலக்கண்ணன் பெரணமல்லூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, எழவு விழுந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.