பியானோவுக்கு ஒரு தட்டு

நேற்று உம் மகள் ஒரு காக்கி ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்கிள், டாடியோட கொயர் ஃபைல். மம்மி உங்களுக்குத்தான்னு சொன்னாங்க," என்றாள். சேர்ந்தாற்போல் அவ்வளவு தமிழ் அவள் பேசி நான் கேட்டதில்லை. வழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருப்பாள். நாடாவை அவிழ்த்ததும் நாப்தலீன் உருண்டை வாசனை. அதற்கு அடியில், லேசாக, மெஷின் எண்ணெய். சனத்நகர் தொழிற்சாலையிலிருந்து நேராகப் பாட்டுப் பயிற்சிக்கு வருவீர். எத்தனை சோப்புப் போட்டாலும் உம் விரல் பட்ட தாளில் அது ஒட்டிக்கொள்ளும்.

மேலாக இருந்தது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் பிரதி. அச்சிட்ட இத்தாலிய வார்த்தைகளுக்குக் கீழே உம் பென்சில் எழுத்து. மெதுவாகப் பாடு என்று சொல்லும் 'பியானோ'வுக்கு, 'பக்கத்து வீட்டுல பிள்ளை தூங்குது'. உரக்கப் பாடச் சொல்லும் 'ஃபோர்ட்டே'வுக்கு, 'பஸ் கிளம்பிட்டு, கூப்பிடு'. கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை ஏற்றச் சொல்லும் 'கிரெஷெண்டோ'வுக்கு, 'ரயில் தூரத்துல வருது, இன்னும் வந்து சேரல'. முப்பது வருஷம் செய்தி எழுதியவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒன்றையும் எழுதியதில்லை.

ஹைடெக் சிட்டியில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில் நான் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆங்கில நாளிதழுக்கு வேலைக்கு வந்தேன். செகந்திராபாத்தில் உங்கள் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் சனிக்கிழமை, 'பேஸ்' என்கிற அடிக்குரல் பாடுகிறவர்களின் வரிசையில் எனக்கு இடம்விட்டு, "நீரு எந்த ஊரு வே?" என்று கேட்டீர். உம் தாத்தா காலத்தில் திருநெல்வேலியை விட்டு வந்த குடும்பம். 'வே'யையும், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் சொல்லும் 'நக்கோ'வையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் என் பேப்பரை மடித்துக் கொண்டுவருவீர். பென்சிலால் அடிக்கோடு போட்டிருப்பீர். "தேர்தல் வந்தா மேனிஃபெஸ்டோ, கூட்டம் கலைஞ்சா ஃபியாஸ்கோ, விழா முடிஞ்சா ஃபினாலே. உம்ம ஆபீஸ்ல இத்தாலிக்காரன் எவனும் உக்காந்திருக்கானா? இங்கிலீஷ்காரனுக்குன்னு சொந்தமா வார்த்தையே கிடையாதா வே?"

"பாட்டுப் படிக்க இத்தாலிக்குப் போனவன் வார்த்தையையும் தூக்கிட்டு வந்துட்டான்," என்றேன்.

"பாட்டை விட்டுட்டு வந்துட்டானே," என்றீர். பின்வரிசை முழுக்கச் சிரித்தது.

நம் மாஸ்டர் அப்போது முப்பதைத் தாண்டாதவர். ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஆர்கனில் அவரே உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பயிற்சி கொடுப்பார். இரண்டு கையும் கட்டையில் இருப்பதால் வேண்டியதை வாயால்தான் கூவுவார். "பேஸ், பியானோ! பியானோ!" எல்லோரும் குரலை இறக்குவோம். நீர் ஒருவர் மட்டும் பஸ்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர். குறும்பு என்று நினைத்தேன். ஒருநாள் தேநீர் இடைவேளையில் உமக்குப் பின்னாலிருந்து மூன்று தரம் கூப்பிட்டேன். நீர் திரும்பவில்லை. அப்போதுதான் புரிந்தது.

பழுத்த இரும்பைச் சம்மட்டி இயந்திரம் அடிக்கும் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் நின்ற காது. முழங்கும் ஆர்கன் கேட்கும், உம் குரல் உமக்குக் கேட்கும். அந்த முழக்கத்துக்கு நடுவே மாஸ்டர் கூவும் சொல் கேட்காது. "இது பேப்பருக்கு இல்ல, ரிப்போர்ட்டரே," என்றீர். "பட்டறையில தெரிஞ்சா ஸ்டோர்ல கொண்டு உக்கார வச்சிருவானுவ. இங்க தெரிஞ்சா..." உம் தாத்தா நின்ற வரிசை அது, உம் அப்பா நின்ற வரிசை.

அன்றிலிருந்து உம் இடது முழங்கை என் பக்கம் நகர்ந்தது. பியானோவுக்கு ஒரு தட்டு, ஃபோர்ட்டேவுக்கு இரண்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை விரலை இழுத்தால் கிரெஷெண்டோ. அழுத்தியே வைத்தால் ஃபெர்மாட்டா, அதாவது விரலை எடுக்கும்வரை சுரத்தை விடக்கூடாது. ஒரு மாதத்தில் மாஸ்டர் உம்மைப் பாராட்டினார். "ஹவ், ஆமா, இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு," என்று அடக்கமாகச் சொன்னீர்.

அடுத்த தவக்காலத்தில் அந்த அறிவிப்பு வந்தது. புதிதாக நிறையப் பேர் சேர்கிறார்கள், இருக்கைகள் போதவில்லை, ஈஸ்டர் முடிந்ததும் ஒவ்வொருவராகத் தனியே பாடிக் காட்ட வேண்டும். ஆர்கனில் மாஸ்டர், எதிரே நீர் மட்டும். தட்டுவதற்கு நான் இருக்கமாட்டேன்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிருவோமே," என்றேன்.

"நக்கோ. கைக்கு வே, எதுக்கு? பாவம்னு ஒரு நாற்காலி போட்டு உக்கார வைக்கவா? சொன்னீருன்னா உம்ம கூடப் பேசமாட்டேன்."

சொல்லமாட்டேன் என்று கைகொடுத்தேன். வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு பேசிய எத்தனையோ பேரின் வார்த்தையை நான் காப்பாற்றியிருக்கிறேன், அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. உமக்குக் கொடுத்த வாக்கை ஐந்தாம் நாள் உடைத்தேன். மாஸ்டர் அலுவலகத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றபடி சொன்னேன். "தேங்க்ஸ் அங்கிள்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை ஆர்கனில் மாஸ்டருக்குப் பதிலாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "இனிமே இவங்க வாசிக்கட்டும். நான் முன்னால நிக்கறேன்," என்றார் மாஸ்டர். காரணம் சொல்லவில்லை. ஆர்கன் என்றால் அவருக்கு உயிர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கை கவிழ்ந்தால் பியானோ, நிமிர்ந்து மேலே வந்தால் ஃபோர்ட்டே, விரல்கள் குவிந்து அந்தரத்தில் நின்றால் ஃபெர்மாட்டா. அதற்குப் பிறகு அவர் ஓர் இத்தாலிய வார்த்தையைக்கூடக் கூவி நான் கேட்டதில்லை.

நீர் தேறினீர். வெளியே வந்து, "பாத்தீரா? ஒருத்தன்கிட்டயும் சொல்லாமலே முடிஞ்சுது," என்று என் தோளில் அடித்தீர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை உம்மிடம் எப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்றிருந்தேன். போன மாதம் உம் சவப்பெட்டியின் அருகே நின்று பாடியபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தப் பிரதியைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். கடைசிச் சுரத்தின்மேல் ஃபெர்மாட்டா குறி, பாதி வட்டமும் ஒரு புள்ளியும். அதன் கீழே, 'பிடி. ரிப்போர்ட்டர் விரலை எடுத்தா விடு' என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறீர். கோட்டுக்குக் கீழே, வேறு பென்சிலில்: 'மாஸ்டர் கையைப் பாரு. ரிப்போர்ட்டர் சொல்லிட்டாரு.'

அந்தப் பாட்டை மாஸ்டர் முன்னால் நின்ற முதல் கிறிஸ்துமஸோடு நாம் நிறுத்திவிட்டோம். அதற்குப் பின் அந்தப் பிரதியை வெளியே எடுக்கவே இல்லை. ஆகவே அந்த வருஷமே உமக்குத் தெரிந்திருக்கிறது. மாஸ்டரின் கை உமக்கு நன்றாகத் தெரிந்தது, என் விரல் தேவைப்படவில்லை. அதன்பின் எட்டுக் கிறிஸ்துமஸ். அத்தனை சனிக்கிழமையும் முழங்கையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் அன்றைய பாட்டின் பிரதியைத் திறந்தீர். நானும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

உம் இடத்தில் இப்போது ஒரு புதியவர் நிற்கிறார், நல்ல குரல், நல்ல காது. பிரதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடுகிறேன். பியானோ வரும் இடங்களில் என் வலக்கை விரல் அட்டையின்மேல் ஒருமுறை தட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது.