எட்டு மாடி கேக்கும் என் பிக்கப்பின் ஸ்பிரிங்கும்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் மகளின் பிறந்தநாள் கேக் இன்று படுத்தபடி போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது நின்றுகொண்டுதான் இருந்தது. டாக்டர் பெட்டியைத் திறந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்படியே சாய்த்துப் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

திரும்பும்போது அத்தை பிக்கப்பின் முன்சீட்டில் கதவோரம் உட்கார்ந்திருந்தார். அத்தை என்றால் என் மாமியார். பேக்கரி அவருடையது, கேக் சுடுவதும் அவர்தான், எனக்குச் சம்பளம் தருவதும் அவர்தான். ஜன்னலைப் பார்த்தபடி என் மனைவியிடம், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இன்னொரு கேக் இப்படிப் போச்சுன்னா டெலிவரிய வேன்காரர்கிட்ட குடுத்துருவேன்" என்றார். நடுவில் இருந்த மனைவி என் பக்கம் திரும்பி அதையே ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எனக்கும் அத்தைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அது மரியாதை என்கிறாள் மனைவி. இவ்வளவு மரியாதையை நான் கேட்கவே இல்லை.

டெலிவரி கைவிட்டுப் போனால் கல்லாவில் உட்கார வேண்டும். கல்லா அத்தையின் அடுப்புக்கு நேர் எதிரே இருக்கிறது. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல்.

மார்ச் 5, புதன்

யோசித்துப் பார்த்தேன். தப்பு வண்டியிடம் இருக்கிறது. பாரம் இல்லாமல் போனால் பின்பக்கம் துள்ளுகிறது, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அப்புறம் அத்தையின் கிரீமும் இளகல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவர் அடுக்கத் தெரியாமல் அடுக்கிவிட்டு என் ஓட்டத்தைக் குறை சொல்கிறார்.

இதை மனைவியிடம் சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 8, சனி

பெரிய ஆர்டர். பில்டர் ஒருவர் வந்தார். மாதக் கடைசியில் அவருடைய புது அபார்ட்மெண்ட் திறப்பு விழா. அதே அச்சில் கேக் வேண்டுமாம், எட்டு மாடி, பால்கனியோடு. ஒரு இம்மிகூடச் சாயக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டடமே லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று எவனோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். கேக்கும் சாய்ந்து வந்தால் ஒரு வீடுகூட விற்காது.

அப்போது பன் வாங்க வந்திருந்த வேன்காரர், தான் சும்மாதான் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லி வைத்தார். எப்போது வந்தாலும் இதையே சொல்கிறார். அத்தை மனைவி மூலமாகத் தீர்ப்புச் சொன்னார்: சோதனை கேக்குகள் சுடுவார், விழாவுக்குள் நான் ஓட்டிக் காட்ட வேண்டும். நேராகக் கொண்டுபோனால் டெலிவரி எனக்கு, இல்லாவிட்டால் வேனுக்கு.

மார்ச் 9, ஞாயிறு

பின்பக்கம் புது ஸ்பிரிங் பட்டைகள் போட்டாயிற்று. பழையதைவிடத் தடிமன். வண்டி இனிமேல் வேற வண்டி என்றார் மெக்கானிக்.

உண்மைதான்! ரவுண்டானாவை வேலையே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். துளிகூடச் சாயவில்லை. இத்தனை வருடம் என்ன வண்டி ஓட்டினேன் நான்?

மாலையில் நாலு மாடி சோதனை கேக்கோடு கிளம்பினோம். முதல் வேகத்தடையில் கேக் எழும்பியது. அத்தை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழும்பிய கேக் இறங்கும்போது மூன்று மாடியாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

மிச்சத்தைச் சாப்பிட்டோம். இரண்டாம் மாடி நன்றாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் அதை அடக்குவது யார் என்று மெக்கானிக் கேட்டார். நியாயமான கேள்வி. நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர்.

இப்போது துள்ளல் குறைந்துவிட்டது. வளைவுகளைப் பற்றி என்ன எழுத! பள்ளிக்கூட வளைவில் பஸ்ஸை முந்திக்கொண்டு திரும்பினேன். தண்டவாளத்தில் போவது போல் இருந்தது. நிறுத்திப் பார்த்தால், இரண்டாவது சோதனை கேக் ஒரு மாடிகூட இடியாமல் அப்படியே முழுசாக நகர்ந்து, வண்டியின் பின்தொட்டிப் பக்கத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அபார்ட்மெண்ட் பக்கத்து மனைக்குக் குடிபோய்விட்டது.

ஏன் அவ்வளவு வேகம் என்று மனைவி கேட்டாள். போக முடிகிறது, அதனால் போனேன் என்றேன். ஷாக் போட்டதே அதற்குத்தானே?

மார்ச் 16, ஞாயிறு

வண்டிக்கு உயரம் போதவில்லையாம். உயர்த்தினால் குழியே தெரியாது என்றார் மெக்கானிக். உயர்த்தினோம்.

அத்தைக்கு ஏற முடியவில்லை. கடையிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்து, மனைவி மேலிருந்து இழுக்க, நான் கீழே நின்று எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, மேலே காற்று நன்றாக வருவதாக எனக்குச் சொல்லி அனுப்பினார். பாராட்டா, கிண்டலா? மனைவியிடம் கேட்டேன். தான் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி, அர்த்தம் சொல்வது தன் வேலையில்லை என்றாள்.

உயரமானதும் வளைவில் மறுபடி சாய்கிறது. முதலில் இருந்ததைவிட அதிகமாக. அதற்கும் ஒரு கம்பி இருக்கிறதாம். தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன. போடுங்கள் என்றேன்.

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். இந்த ஸ்பிரிங் பாரத்துக்குச் செய்தது. பாரம் இல்லாததால்தான் உதைக்கிறது. கேக்கின் எடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மைதா மூட்டைகளை ஏற்றினோம். வண்டி பட்டுப்போல் போனது. ஆனால் மைதா ரோட்டில் சுற்றினால் கேக்கை எதை வைத்துச் சுடுவது? மூட்டைகளை இறக்கச் சொன்ன அத்தை, ஸ்டூலைப் போட்டுப் பின்தொட்டியில் ஏறி, கேக்கின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பேக்கரியில் அவருக்கு அடுத்த கனம் அந்த அடுப்புதான். அதைக் கழற்ற முடியாது.

பிரதான சாலையில் போலீஸ்காரர் மறித்தார். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்றார். அத்தை அவரை நேராகப் பார்த்து, "நான் ஆள் இல்ல தம்பி, எடை" என்றார்.

போலீஸ்காரர் வெகுநேரம் சிரித்தார். அப்புறம் பெரியம்மாவை முன்னால் உட்காரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட நேரா பேசறாங்க, தம்பிங்கறாங்க. நான் இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டறேன். எனக்கு ஒரு தம்பி கிடையாதா? மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை? வலித்தது. எழுதும்போதும் வலிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

வேறொன்றும் வலிக்கிறது. காலையில் குனிந்து செருப்பைப் போட்டேன், நிமிர முடியவில்லை.

எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்தார். சமீபத்தில் எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டார். விழவில்லை, வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றினேன் என்று சொல்லி, என்னென்ன போட்டிருக்கிறேன் என்று வரிசையாக விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன் போல. மாத்திரையைக் கூட்டி எழுதினார். அடுத்த மாதம்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

மார்ச் 24, திங்கள்

படுத்திருக்கிறேன். சோதனை கேக் தின்றே எடை கூடியிருக்கிறது. வண்டிக்கு நல்லது. யாருக்கு என்ன பயன்?

மார்ச் 27, வியாழன்

வேன்காரரை வரச் சொல்லிவிட்டார் அத்தை. நான் ஜன்னலோரம் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேனை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி துடைத்துக் கொண்டுவந்திருந்தார். டேப் வைத்துக் கேக்கின் அட்டை மாதிரியை அளந்தார். வேனை அளந்தார். மறுபடி அட்டையை அளந்தார்.

எட்டு மாடி வேனுக்குள் நுழையாது. ஆறு மாடி வரை போகும்.

அத்தை பில்டரிடம் போனில் கேட்டார். மேல் இரண்டு மாடியும் ஏற்கெனவே விற்றாகிவிட்டது, இடிக்க முடியாது என்றாராம் அவர்.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அது ஒரு நிமிஷம்தான். வேனும் இல்லை, நானும் இல்லை என்றால் யார்? அப்போது மனைவி கையில் இருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டே, "நான் ஓட்டறேன்" என்றாள்.

இவளா? லைசன்ஸ் வாங்கினதோட சரி. அதுக்கப்புறம் ஸ்டியரிங் பக்கமே வந்ததில்ல. நானும் விட்டதில்ல. இந்த வண்டிய எனக்கே பழக்க ரெண்டு வாரம் ஆச்சு, அந்த உயரம், அந்த உதை — கேக் போச்சு. ஆர்டர் போச்சு. நானும் போனேன்.

மார்ச் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மனைவி ஓட்டினாள். அத்தை வழக்கம்போல் கதவோரம். முதுகைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில். நடுவில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அங்கே கால் வைக்க இடமே இல்லை என்று தெரிந்தது.

நத்தைகூடக் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கும். வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுகிறாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறாள், வளைந்த பிறகுதான் கூட்டுகிறாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஓய்ந்தேன்.

பள்ளிக்கூட வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அத்தை என் தலைக்கு மேலாக மகளிடம், என் முட்டியைச் சற்று ஒதுக்கச் சொல்லும்படி சொன்னார்.

"அம்மா, நான் ரோட்டைப் பாக்கணும்" என்றாள் மனைவி. "உன் பக்கத்துலதானே இருக்கார். நீயே சொல்லு."

அத்தை ஜன்னலைப் பார்த்தார். நான் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை. முட்டியை நானாகவே ஒதுக்கிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தார்கள். எட்டு மாடியும் நின்றது. பால்கனிக் கம்பிகூட உதிரவில்லை. பில்டர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மொட்டை மாடியில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர், அப்படியே அந்த ரசமட்டத்தைக் கட்டடத்திலும் வைத்துப் பார்த்துவிடலாமே என்றார். பில்டர் அவசரமாகக் கேக்கை வெட்டச் சொன்னார்.

திரும்பும்போது தொட்டி காலி. துள்ள வேண்டிய வண்டி. அதே ரோடு, அதே குழிகள், அதே வேகத்தடைகள். துள்ளவில்லை. நான் காத்திருந்தேன், ஒவ்வொரு குழிக்கும் காத்திருந்தேன். ஒரு தடவையாவது துள்ளு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பழைய ஸ்பிரிங்கே இருந்திருந்தாலும் இவள் ஓட்டினால் துள்ளியிருக்காது என்று அப்போது தெரிந்தது.

அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரோட்டைப் பார்த்தபடி, மெதுவாக, குரலில் குத்தல் எதுவும் இல்லாமல் சொன்னார்:

"வண்டிமேல ஒண்ணும் தப்பில்ல, மாப்பிள்ளை."

பழக்க தோஷத்தில் மனைவி பக்கம் திரும்பினேன், அவள் சொல்லட்டும் என்று. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் எனக்குத்தான், நேராக எனக்கேதான் வந்திருக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆமாங்க அத்தை" என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கல்லாவில் முதல் நாள். மனைவி டெலிவரிக்குப் போயிருக்கிறாள், இனி அவள்தான். இடையில் நின்று சொல்ல ஆளில்லாததால் அத்தை அடுப்படியிலிருந்து நேராகவே பேசுகிறார். மாப்பிள்ளை, சில்லறை இருக்கா. மாப்பிள்ளை, அந்த ஃபேனை நிறுத்துங்க, மாவு பறக்குது. மாப்பிள்ளை, வேன்காரர் தங்கச்சிக்கு எத்தனை பசங்க தெரியுமா. காலையிலிருந்து நிறுத்தவே இல்லை. இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

காது வலிக்கிறது. முதுகு தேவலை.