பலாமரத்துக்கு ஓர் ஒப்பம்

2025 ஜூன் 10
ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது. அதற்குள் மரவியாபாரி ஸஹீத் வளவுக்குள் வந்து பலாமரத்தை நாடாவால் சுற்றி அளக்கிறார். என் கணவர் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகள் அஸ்னாவுக்கு மேல்மாடி கட்ட வேண்டுமாம், தூண் வருகிற இடத்தில் மரம் நிற்கிறதாம், பலகை கதவுக்கு உதவுமாம். எல்லாம் யோசித்திருக்கிறார். என்னிடம் கேட்க மட்டும் யோசனை வரவில்லை.

ஜூன் 11
இவரோடு சண்டை பிடித்தேன். ஒரு மரத்துக்கா இவ்வளவு கோபம் என்கிறார். ஒரு மரமா? இரண்டாயிரத்து இருபத்திரண்டில், நாடே கேஸும் அரிசியும் இல்லாமல் நின்ற மாதங்களில் நாலு வீடு இதன் காயைத்தான் அவித்துத் தின்றது. இவரும் தின்றார். இரண்டாம் முறையும் போட்டுத் தின்றார்.

ஜூன் 17
கிராம சேவகர் பாக்கியராசா வந்தார். பலாமரம் வெட்டப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். என் கணவர் எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் கொடுத்து, காணிச் சொந்தக்காரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி ஒப்பமும் வைத்திருக்கிறார்!

காணி என் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருப்பவர். இவர் ஒரு சூட்கேசோடு வந்தவர். இருபத்தாறு வருஷத்தில் அது மறந்துபோய்விட்டது.

"காணி உறுதி தங்கச்சிட பேர்ல கிடக்கு. அவ ஒப்பம் வைக்காட்டி இது நகராது" என்று என்னைக் காட்டினார் பாக்கியராசா.

இவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன்.

ஜூன் 18
படிவம் கோப்பை வட்டத்தோடு மேசையிலேயே கிடக்கிறது.

ஜூலை 10
போயா, பௌர்ணமி லீவு. செயலகக் கந்தோர் பூட்டு, முறையிட ஆளில்லை. அதனால்தான் ஸஹீத் இன்று வாள் மெஷினோடு வந்தார். நான் திருவலையையும் நாலு தேங்காயையும் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் குந்தினேன்.

"அனுமதிக் கடதாசியக் காட்டுங்க ஸஹீத் காக்கா. நான் எழும்புறன்."

மூன்றாவது தேங்காய் முடியுமுன் போய்விட்டார். எனக்குப் பயமா, ஆத்திரமா? இரண்டும்தான். நாலாவதையும் திருவினேன். இவ்வளவு தேங்காய்ப்பூவை என்ன செய்ய?

ஓகஸ்ட் 7
நாளை அஸ்னாவுக்கு நிக்காஹ். வீடுவளவை இன்று அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் இவர் சிரித்த முகமாக இருந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இனி என் ஒப்பம் செல்லாது, அவளுடையதுதான். அவளோ வாப்பாவின் செல்லம்.

மரத்தைப் பற்றி அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்து அவள் மறுத்தால் அது திரும்பவும் என் ஒப்பம்தானே. ஆனால் வாய் துடிக்கிறதே, அல்லாஹ்!

ஓகஸ்ட் 19
இவர் புதுப் படிவம் கொண்டுவந்தார், பேனையோடு. அஸ்னா குசினியில் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் பலாப்பால் வாப்பா. பேனை பிடிக்க ஏலா."

எண்ணெய் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார். ஓம் என்றாள். தேங்காயெண்ணெய்ப் போத்தல் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பியும் பார்க்கவில்லை.

செப்டெம்பர் 21
மேசன் தூணைக் கிணற்றுப் பக்கம் தள்ளி அத்திவாரக் கிடங்கு வெட்டுகிறார். மேல்மாடி கொஞ்சம் சின்னதாகும். அஸ்னா போதும் என்கிறாள்.

படிவம் இன்னும் மேசையில். இன்று காலை இவர் தன் தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல்தான் வைத்தார்.