முகாம் தண்ணீர் மணம்

ஜூன் 9, செவ்வாய்

வியாழக்கிழமை பக்டரியைச் சோதிக்க ஆட்கள் வருகிறார்களாம். நாளைக்கு நண்டுச் சதை எடுக்கிற வேலை இல்லை. தரை கழுவ வேண்டும். கழுவப் புதிதாக ஒரு நீலக் கலன் வந்திருக்கிறது. எழுத்தெல்லாம் சிங்களமும் இங்கிலிசும். "தம்பி, இதிலை என்ன எழுதிக்கிடக்கு?" என்று சுப்பர்வைசர் அனோஜனைக் கேட்டேன்.

"ஏன், சோதினை எழுதப் போறியளோ? ஊத்திக் கழுவுங்கோ."

ஜூன் 10

தரையில் குளோரின் தண்ணீர் காயவில்லை. அதற்கு மேலேயே நீலக் கலனை ஊற்றச் சொன்னான் அனோஜன். என்னோடு வேலை செய்கிற சுகந்தினி ஊற்றினாள். குப்பென்று மணம். "மூக்கு எரியுதக்கா" என்றாள். நான் — நான்தான் — சொன்னேன்: "பயப்பிடாதை, முகாம் தண்ணி மணம்தான்."

2009இல், சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில், எனக்குப் பன்னிரண்டு வயது. குளோரின் மணந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், மணக்காவிட்டால் வயிற்றோட்டம். எங்களுக்கு அது நல்ல மணம். அதனால் இன்று பக்டரியில், முன்பு முகாமில் இருந்த ஒருத்தரும் ஓடவில்லை. குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த சுகந்தினி அப்படியே விழுந்தாள்.

கலனுக்குள் இருந்தது அமிலம், அசிட்டாம். இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

ஜூன் 11

இன்னும் ஒக்சிசனில்தான் இருக்கிறாள். இருபது வயது.

ஜூன் 14

அனோஜன் கடிதத்தோடு வீட்டுக்கே வந்தான். 'சுகந்தினி யாரையும் கேட்காமல் தானாகவே கலந்தார்.' கீழே சாட்சியாக என் பெயர் அச்சடித்திருக்கிறது. "தாட்சாயினியக்கா, ஒரு கையெழுத்துத்தானே. உங்கடை வேலைக்கு ஒண்டும் வராது."

தமிழிலை! கலனிலை ஒட்ட ஒரு வரி தமிழ் கிடைக்கேல்லை. அவளிலை பழி போட மட்டும் ஒரு பக்கம் தமிழ் கிடைச்சிருக்கு. கேவலங்கெட்ட எளியதுகள்.

வைத்தால் அவளுக்கு நட்டஈடு கிடையாது. வைக்காவிட்டால் எனக்கு வேலை கிடையாது.

ஜூன் 15

கையெழுத்து வைத்தேன் — கடிதத்தின் பின்பக்கத்தில், நடந்ததை எழுதிவிட்டு. அவன் ஊற்றச் சொன்னதையும் எழுதினேன்; பயப்பிடாதை என்று நான் சொன்னதையும் எழுதினேன். அரசாங்கத்தின் தொழில் கந்தோருக்குப் போய்க் கொடுத்தாயிற்று.

"உங்களுக்கு வாய் கூடிப்போச்சு. நாளைக்கு வராதேங்கோ" என்றான் அனோஜன், கேள்விப்பட்டதும். போடா.

ஜூலை 12

சுகந்தினி வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. பிழை அவளில் இல்லை என்று கந்தோரில் எழுதிவிட்டார்கள். ஆனால் அடுப்பு ஊதக்கூட அவளுக்கு ஏலாது. நான் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன்.

இன்று அவளைப் பார்க்கப் போன நேரம் கிணற்றுக்குக் குளோரின் போட ஆள் வந்தார். மணம் வந்ததுதான் தாமதம், இரண்டு பேரும் தெருவுக்கு ஓடிவிட்டோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, முகாம் தண்ணி மணம்தான்."

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.