புகைப்பட உதவி: வீட்டார்

கீழ்வீடு, புரோத்ராபூர்
6 ஜூன் 2025

திருமதி சந்திரமதி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை. நீ நடப்பது என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருப்பதால் உன் நலம் எனக்குத் தெரியும். என் நலத்தைச் சொர்ணம்மா பாத்திரம் தேய்க்கும்போது உன்னிடம் ஒப்பிக்கிறாள் என்பதும் தெரியும்.

நீ கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. ‘சேற்றில் நிற்கும் காடு’ இரண்டாம் பதிப்பு வருகிறதாம். சென்னைப் பதிப்பகத்தார் புதுப் படங்கள் கேட்கிறார்களாம். பென்டிரைவில் போட்டுச் சொர்ணம்மாவிடம் கொடுக்க வேண்டுமாம்.

சுனாமியில் நம் தீவின் சிப்பிகாட்டில் தரை தாழ்ந்து, வயலுக்குள் கடல் வந்து, வயல் போன இடத்தில் அலையாத்தி முளைத்து எழுந்தது வரை, வருடம் தவறாமல் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தவன் நான். முழங்கால் சேற்றில், முதலை எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில். எழுத்து உன்னுடையது, நல்ல எழுத்துதான். ஆனால் படம் இல்லாவிட்டால் அது ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடம்.

முதல் பதிப்பில் அதற்குக் கிடைத்த மரியாதை கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ‘புகைப்பட உதவி: வீட்டார்.’ அதை நான் வெளியீட்டு விழாவில்தான் படித்தேன். நீ மேடையில், நான் மூன்றாம் வரிசையில். பக்கத்தில் இருந்தவர், “படமெல்லாம் பிரமாதம் சார், யார் எடுத்தது?” என்றார். “வீட்டார்” என்றேன். கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவரைத் துறைத் தலைவர் ஆக்கியதைக்கூட ஒரு மாதிரி செரித்துவிட்டேன். இது செரிக்கவில்லை. கீழே குடியிருந்தவர்கள் காலி செய்ததும் நான் பெட்டியோடு இறங்கியது அதனால்தான். காரணம் உனக்குப் புரியவில்லை என்று சங்கவியிடம் போனில் சொன்னாயாமே. இப்போது எழுத்தில் இருக்கிறது.

படம் தருகிறேன். இரண்டு நிபந்தனை. என் பெயர் அட்டையில் வர வேண்டும். மூலப் படங்கள் என் கம்ப்யூட்டரை விட்டு நகரக் கூடாது. பென்டிரைவில் அள்ளிக் கொடுக்க இது ரேஷன் அரிசி இல்லை. நம் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரூட்டரில்தான் இருக்கின்றன. நான் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிடுகிறேன். நீ அங்கிருந்தே பார்த்து, வேண்டியதைச் சொல்.

இப்படிக்கு,
ஜெகநாதன்

மேல்வீடு
8 ஜூன் 2025

சங்கவி அப்பாவுக்கு,

கடிதம் கண்டேன். இரண்டு நிபந்தனைக்கும் சம்மதம். முதல் நிபந்தனையை நீங்கள் கேட்டிருக்கவே வேண்டாம், பதிப்பகத்துக்கு எழுதிய முதல் வரியே அதுதான்.

திரும்பவும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்தக் கடைசிப் பக்கத்தை அச்சாவதற்கு முன் நான் பார்க்கவில்லை. 2018-இல் இங்கே இன்டர்நெட் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சாட்டிலைட் கனெக்‌ஷன், ஒரு போட்டோ இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். அவர்கள் அனுப்பிய புரூஃப் இறங்கவே இல்லை. விழாத் தேதி நெருங்கிவிட்டது. போனில், “சரி, அச்சடியுங்கள்” என்று சொல்லிவிட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிறவள் செய்த வேலை. நான் எழுதி அனுப்பியது உங்கள் பெயரைத்தான். ‘வீட்டார்’ அங்கே யாரோ போட்டது.

நேற்று மாலை நீங்கள் சொன்னபடி நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தேன். பிரிண்டர் தெரிகிறது. பக்கத்து வீட்டு டிவிகூடத் தெரிகிறது, அவர்களுக்கு நம் வைஃபை பாஸ்வேர்டை யார் கொடுத்தது? உங்கள் கம்ப்யூட்டர் மட்டும் தெரியவில்லை.

சாம்பார் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போன மாதம் வாங்கிப்போன சர்க்கரை டப்பா இன்னும் திரும்பவில்லை.

சந்திரமதி

கீழ்வீடு
9 ஜூன் 2025

சந்திரமதிக்கு,

டிவியை வெளியேற்றிவிட்டேன். பாஸ்வேர்டைக் கொடுத்தது உன் மகள்.

‘புரூஃப் இறங்கவில்லை’ என்ற காரணத்தை இத்துடன் எத்தனையாவது முறை கேட்கிறேன் என்று நான் எண்ணுவதில்லை. இந்தத் தீவில் கப்பல் வராததற்கு மழை, வேலை நடக்காததற்கு மெயின்லேண்ட், மற்ற எல்லாவற்றுக்கும் இன்டர்நெட். வசதியான ஊர்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது லினக்ஸ். யாருக்கும் வாடகை கட்டாத சிஸ்டம், நான் போட்ட நாளிலிருந்து ஒரு நாள் படுத்ததில்லை. உன்னுடையது சங்கவி வாங்கிக் கொடுத்த புது விண்டோஸ். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. நடுவில் மொழிபெயர்க்க என் பக்கம் ஒரு புரோகிராம் ஓடுகிறது, அது பழைய வழக்கில் பேசிக்கொண்டிருந்தது, உன்னுடையது புது வழக்கில் மட்டும்தான் காது கொடுக்குமாம். இன்று சரிசெய்துவிட்டேன். உன் பக்கம் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்தச் சீட்டின் பின்னால் என் கம்ப்யூட்டரின் எண்ணை எழுதியிருக்கிறேன், அதை மேலே உள்ள பட்டையில் அடி. பெயரும் பாஸ்வேர்டும் கேட்காது. விருந்தாளியாக உள்ளே வரலாம்.

சாம்பாரில் உப்புக் கம்மி.

ஜெகநாதன்

மேல்வீடு
10 ஜூன் 2025

சங்கவி அப்பாவுக்கு,

எண்ணை அடித்தேன். இப்போது உங்கள் கம்ப்யூட்டர் தெரிகிறது, ஆனால் உள்ளே விடவில்லை. நீங்கள் விடாமல் இல்லை, என் கம்ப்யூட்டர் நுழைய மறுக்கிறது. பெயர் சொல்லாமல் விருந்தாளியாக எங்கேயும் போகக் கூடாது, அது பாதுகாப்பு இல்லை என்று பெரிய செய்தி போடுகிறது. சங்கவியிடம் கேட்டேன். புது விண்டோஸ் அப்படித்தானாம். இந்தப் பூட்டைக் கழற்ற வழி இருக்கிறது, கழற்றாதே என்றாள். நானும் கழற்றுவதாக இல்லை. என் சொந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு விருந்தாளியாக வர எனக்கும் மனம் இல்லை. என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து பாஸ்வேர்ட் கொடுங்கள்.

சொர்ணம்மா இன்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “டீச்சர், ஒரே வீட்டுக்குள்ள தபாலாம். ஏக்தம் பாகல் லோக், சுத்தப் பைத்தியங்க. சார் கீழ நின்னு மேல பாக்குறாரு, நீங்க மேல நின்னு கீழ பாக்குறீங்க, நடுவுல என் முட்டி தேயுது. கப்பல் டிக்கெட் வாங்கிக் குடுத்தா நான் பரமக்குடிக்கே போயிடுறேன்” என்கிறாள். சீக்கிரம் செய்யுங்கள், நமக்காக இல்லாவிட்டாலும் அவள் முட்டிக்காக.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

சந்திரமதி

கீழ்வீடு
11 ஜூன் 2025

சந்திரமதிக்கு,

கணக்குத் திறந்துவிட்டேன். பெயர்: chandra. பாஸ்வேர்ட்: veettaar2018.

இரண்டு ஃபோல்டர் தெரியும். ‘படங்கள்’ என்பதில் பார்க்கலாம், எழுத முடியாது. ‘கடிதம்’ என்பதில் எழுதலாம். இனிமேல் கடிதங்களை அதில் போடு. சொர்ணம்மாவின் முட்டி பிழைக்கட்டும்.

ஜெகநாதன்

‘கடிதம்’ ஃபோல்டரில்
15 ஜூன் 2025

சங்கவி அப்பாவுக்கு,

வந்துவிட்டேன். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அந்த வார்த்தையை அடிக்கச் செய்கிறீர்கள். கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்றேன். நீங்கள் விரும்பியபடி நானே தினமும் அடிக்கிறேன்.

படங்களை மூன்று நாளாகப் பார்க்கிறேன். சிப்பிகாட் வரிசையை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினேன். வரப்பு தெரிகிற தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு குச்சி குச்சியாக, பிறகு காடு. எத்தனையோ முறை கூட வந்திருக்கிறேன், இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. இரண்டாம் பதிப்பு இந்த வரிசையில்தான் தொடங்கும். என் முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன்.

ஒரு கஷ்டம். எல்லாப் படத்துக்கும் வெறும் எண்தான் பெயராக இருக்கிறது. எது சுரபுன்னை மரம், எது தில்லை மரம் என்று பெயர் மாற்றி அடுக்கலாம் என்றால், அனுமதி இல்லை என்கிறது. பூனை மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத அனுமதி கொடுத்தால் வேலை நடக்கும். அழித்துவிடுவேன் என்று பயம் என்றால் வேண்டாம், காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன்.

என் பக்கத்தில் நானும் ஒரு ஃபோல்டர் திறந்திருக்கிறேன். புத்தகம் சம்பந்தப்பட்ட எல்லாமே அதில் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலிருந்து அப்படியே அள்ளிப் போட்டது. உங்களுக்கு அதில் முழு அனுமதி. பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். பாஸ்வேர்ட் sangavi, அவ்வளவுதான்.

சந்திரமதி

‘கடிதம்’ ஃபோல்டரில்
22 ஜூன் 2025

மதிக்கு,

உன் அத்தியாயங்களைப் படித்தேன். ஐந்தாவதில் வண்டூர் என்று நீ எழுதியிருப்பது வண்டூர் இல்லை, சிடியா டாப்புக்குப் போகிற வழி. திருத்திவிட்டேன். தில்லைப் பாலைப் பற்றிய பக்கம் நன்றாக இருக்கிறது. அது கண்ணில் பட்டு நான் இரண்டு நாள் படுத்திருந்ததை எழுதியிருக்கிறாய், ‘உடன் வந்தவர்’ என்று. அதை ‘என் கணவர்’ என்று மாற்றியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்.

பழைய ஃபோல்டரையும் பார்த்தேன். நீதான் அனுமதி கொடுத்தாய். அதில் முதல் பதிப்பின் புரூஃப் இருக்கிறது. ஒன்று இல்லை, மூன்று. மூன்றும் பாதியில் நின்றவை, இறங்கி முடியாத ஃபைலின் பெயருக்கு உலாவி ஒட்டும் வாலோடு அப்படியே கிடக்கின்றன. தேதி பார்த்தேன். அடுத்தடுத்து மூன்று நாள் முயன்றிருக்கிறாய். உடைந்த ஃபைலை மீட்க என்னிடம் இருக்கிற எல்லாக் கருவியையும் போட்டுப் பார்த்தேன். பெரிதாக இருப்பதில்கூட அட்டையும் முன்னுரையும்தான் வருகின்றன. கடைசிப் பக்கம் வந்து சேரவே இல்லை.

நான் இயற்பியல் படித்தவன். கண்ணால் கண்ட அளவீட்டோடு சண்டை போடமாட்டேன். நீ சொன்னது சரி. பார்க்காமல் சரி சொன்னது தப்புதான், அது இருக்கட்டும். அந்த வரியைப் போட்ட ஆள் யாரென்று கண்டுபிடித்தால் அவனை நான் விடுவதாக இல்லை, அதுவும் இருக்கட்டும்.

‘படங்கள்’ ஃபோல்டரில் உனக்கு எழுத அனுமதி கொடுத்திருக்கிறேன். மாற்று, அடுக்கு. பிரதி எடுத்து வைக்கவில்லை.

நீ ஒரு கடிதத்தைத் திறந்தால் அதன் பக்கத்தில் உன் பெயரோடு ஒரு குட்டி ஃபைல் என் திரையில் முளைக்கும், மூடினால் மறையும். நீ எழுதுகிற புரோகிராம் செய்கிற வேலை அது. உனக்குக் கணக்குத் திறந்ததைச் சொன்ன என் 11-ஆம் தேதிச் சீட்டை நீயே அடித்து இங்கே போட்டு வைத்திருக்கிறாய். நேற்று அது மாலை முழுக்கத் திறந்தே இருந்தது.

ஜெகநாதன்

‘கடிதம்’ ஃபோல்டரில்
23 ஜூன் 2025

சங்கவி அப்பாவுக்கு,

அடுப்பில் மீன் குழம்பு. மூட மறந்தேன். அதிகம் யோசிக்காதீர்கள்.

‘என் கணவர்’ இருக்கட்டும்.

மதி

‘கடிதம்’ ஃபோல்டரில்
29 ஆகஸ்ட் 2025

சங்கவி அப்பாவுக்கு,

புரூஃப் வந்துவிட்டது. கடலடிக் கேபிள் வந்த ஊர் அல்லவா, பால் பொங்குவதற்குள் முழுசாக இறங்கிவிட்டது. நான் இன்னும் திறக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் சரி சொல்ல வேண்டும். அட்டையில் இரண்டு பெயரையும் எப்படிப் போடச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் அப்படிப் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இம்முறையும் ஒருத்தியாகப் பார்த்துச் சரி சொல்ல என்னால் முடியாது. ஃபோல்டரில் போடவும் போவதில்லை. மேலே வாருங்கள். சேர்ந்து திறக்கலாம், கடைசிப் பக்கத்திலிருந்து.

வர மனமில்லை என்றால் எழுதிவிடுங்கள். புத்தகமே வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் வருத்தம் இருக்காது என்று பொய் சொல்லமாட்டேன்.

மதி

‘கடிதம்’ ஃபோல்டரில்
30 ஆகஸ்ட் 2025

மதி,

ஃபோல்டரில் போட்டிருந்தால் நான் இங்கிருந்தே பார்த்திருப்பேன், அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டு நெட்வொர்க் போட்டது. கடைசிப் பக்கத்தில் மறுபடியும் ‘வீட்டார்’ இருந்தால் அந்தப் பதிப்பகத்துக்கு நான் எழுதப்போகும் கடிதத்தை இப்போதே மனதில் எழுதி வைத்திருக்கிறேன், நல்ல கடிதம், வீணாகப் போனால் கொஞ்சம் வருத்தம்தான்.

உன் பாஸ்வேர்டை இன்று காலை மாற்றிவிட்டேன். இப்போது உள்ளே இருப்பதால் உனக்குத் தெரிந்திருக்காது. மூடிவிட்டுத் திரும்ப நுழைந்தால் பழையது செல்லாது. புதியதை எழுதித் தர முடியாது. பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று வகுப்பில் கத்துகிறவன் நான், ஜூனில் நானே எழுதிக் கொடுத்தது வேறு விஷயம். நேரில்தான் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு வருகிறேன். டீ போட்டு வை.

ஜெகன்

(அதே கடிதத்தின் அடியில்)

உங்கள் கடிதம் திறந்திருக்கும்போதே கீழே எழுதிச் சேமிக்கிறேன். படி நேற்றைய மழையில் வழுக்குகிறது, பிடித்து ஏறுங்கள். டீ போடுகிறேன். சர்க்கரை டப்பா உங்களிடம்தான் இருக்கிறது.

மதி