சூட்டைத் தப்பாகக் காட்டிய பெட்டி

என் யோகு அண்ணே,

உன்னை நாசகாரனாக்கிய பெட்டியின் நிரல் போன மாதம் என் மேசைக்கு வந்தது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே நம் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து காயவைக்கும் அடுப்பு உன் பொறுப்பு. கொழும்புக் கம்பெனி ஒன்று அதற்கு ஒரு கன்ட்ரோல் பெட்டி பூட்டியது. சூடு கூடினால் பெட்டியே நெருப்பைக் குறைக்க வேண்டும். மூன்று தடவை தூள் கருகியது. "பொட்டி பொய் சொல்லுதுங்க தொரை" என்று தோட்ட மேனேஜரிடம் சொன்னாய். நிரல் எழுதிய எஞ்சினியர் வந்து ஓட்டிக் காட்டினார். ஒரு கோளாறும் இல்லை. "உங்கட ஆள்தான் கை வச்சிருக்கிறான்" என்றார். அவரும் தமிழர்தான், அண்ணே.

யுத்த காலம்; தமிழன் கை வைத்தான் என்றால் நாசவேலை என்றார்கள். இரண்டு நாள் பொலிஸில் வைத்தார்கள். வேலை போனது. பதுளை பஜாரில் மூட்டை தூக்கினாய். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனாய். கடைசிவரைக்கும் அம்மாவாவது உன்னை நம்பினாளா? நான் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனி என்று தெரியாமல்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புத்தளைத் தோட்டம் ஒன்றில் அதே பெட்டி கோளாறு காட்ட, பழைய நிரலைத் திறந்தேன். நிரலில் சூட்டை அளக்கும் துண்டான ஃபங்ஷன், அளந்ததை எழுதிவைக்கத் தனக்குள்ளே மட்டும் இருக்கும் ஒரு வேரியபிளின் முகவரியைத் திருப்பித் தருகிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படலாம். அந்த முகவரியை வைத்திருக்கும் பாயின்டரோ அதையே சூடு என்று வாசிக்கிறது. அடுப்பு கொதிக்கும்போதும் 'போதாது' என்று நெருப்பைக் கூட்டியிருக்கிறது. அந்த இடத்தில் எதுவும் எழுதப்படாத நாளில் எல்லாம் சரியாக ஓடும். அவர் வந்த நாள் அப்படி. வேரியபிளை ஃபங்ஷனுக்கு வெளியே எடுத்து வைக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த எஞ்சினியர்தான் இப்போது எங்கள் பிரிவுத் தலைவர். கொண்டுபோய்க் காட்டினேன்.

"பழைய கதை. திருத்தினதே போதும். திருத்தக் குறிப்பில பெரிசா ஒண்டும் எழுத வேண்டாம்."

"இதுக்காக ஸ்பிரிங்வெளியில ஒருத்தரைக் கை காட்டினீங்க சார். அவரு எங்க அண்ணன்."

"இப்ப அவர் என்ன செய்யிறார்?"

"செத்துப் போயிட்டாரு."

அவர் திரையைப் பார்த்தார். "ரீ குடிச்சிட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்."

அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது என்று குறிப்பில் எழுதினேன். மறுநாள் அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே ஒரு பிரதி எடுத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வருகிறேன். தொரையிடம் அதைக் கொடுத்து, உன் மேல் போட்ட பழியை நீக்கி எழுதித் தரச் சொல்வேன். மாட்டேன் என்றால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடி நிற்கும்போது நானே வாசிப்பேன். முன்வரிசையில் அம்மாவை நிறுத்துவேன். என் வேலை போனால் போகட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
மலர்