அவிக்க மறந்த முட்டை

பாறசாலை
1912 ஏப்ரல் 8

அன்புள்ள உமைக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். நேற்று எங்களுக்கு உயிர்த்தெழுந்த திருநாள். விடியுமுன் விளக்கேந்திக் கல்லறைத் தோட்டத்தைப் பாடிச் சுற்றினோம். ஒரே பனி. முன்னால் போனவர்கள் தெரியவில்லை, விளக்குகள் மட்டும் மிதந்து போயின. பிறகு மிஷன் துரைசாணியம்மா செடிகளுக்குள் ஒளித்துவைத்த சாய முட்டைகளைப் பிள்ளைகள் தேடினார்கள். இதெல்லாம் எதற்கென்று கேட்டேன். அவர்கள் ஊரில் நாற்பது நாள் நோன்பில் முட்டை தின்னமாட்டார்களாம். நோன்பு கோழிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு இடும். சேர்ந்ததையெல்லாம் திருநாளன்று சாயம் முக்கிச் சிநேகிதருக்குக் கொடுப்பார்களாம். முட்டை என்பது மூடிய கல்லறை, குஞ்சு வருவது உயிர்ப்பு என்றும் சொன்னார்.

ஒன்று உனக்கு. பதிமுகப்பட்டை ஊறிய சிவப்புத் தண்ணீரில் நான் முக்கியது. சந்தைக்கு வந்த உங்கள் மாட்டுக்காரர் சோமனிடம் கொடுத்தனுப்புகிறேன். சைவ வீட்டுக்கு முட்டையா என்று பதறாதே, வீம்புக்குத்தான் அனுப்புகிறேன். போன மாதம் உங்கள் முற்றத்தில் என் கையைப் பிடித்துப் பேசினாய். பள்ளிக்கூட நாள் திரும்பியதென்று பூரித்துப் போனேன். மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தால், நீ குளத்தில் தலைமுழுகி ஏறி வருகிறாய். குடையே வேண்டாமென்று வந்துவிட்டேன். என் கை அத்தனை தீட்டாக்கும், இல்லையா?

தங்கபாய்


நெய்யாற்றின்கரை
கொல்லம் ஆண்டு 1087 சித்திரை 20

என் தங்கத்துக்கு,

அன்று மாமி பின்னால் நின்று பார்த்தார். குளி என்றார், குளித்தேன். எனக்குத் தைரியம் போதாதடி.

உன் முட்டையை வாசலுக்குள் கொண்டுவர முடியவில்லை. சோமனையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதை அடைகிடந்த கோழிக்கடியில் வைத்துவிட்டார்! நேற்று வாழையிலையில் சிவப்பு ஓடு கொண்டுவந்து காட்டினார். குஞ்சு பொரிந்துவிட்டது.

இன்று விடியற்காலை ஒரு கனவு. அந்த ஓட்டுக்குள் நீயும் நானும் சிலேட்டில் கணக்குப் போடுகிறோம். வெளியே மழை. உள்ளே வெளிச்சமெல்லாம் பதிமுகத் தண்ணீர் நிறம். விழித்தபின் வெகுநேரம் கண்ணைத் திறக்க மனமில்லை.

உமையம்மாள்


பாறசாலை
1912 மே 9

அன்புள்ள உமைக்கு,

அட கர்த்தாவே! எல்லாவற்றையும் அவித்துத்தான் முக்கினோம். உன்னுடையதை மட்டும் கோபத்தில் அவிக்காமலே முக்கியிருக்கிறேன். சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

ஆனாலும் கேட்கிறேன், குஞ்சைத் தொட்டாயா? கனவில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கென்ன பிரயோசனம்? தொட்ட பிறகு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

தங்கபாய்


நெய்யாற்றின்கரை
கொல்லம் ஆண்டு 1088 பங்குனி 8

என் தங்கத்துக்கு,

நீ சொன்னபடியே எழுதாமலிருந்தேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது. குஞ்சு வளர்ந்து பெட்டையாயிற்று. தினமும் கொல்லை வேலிக்கு வரும். நான் எட்ட நின்று அரிசி எறிவேன், அவ்வளவுதான்.

இன்று சோமன் வீட்டு வைக்கோலில் அது முட்டையிட்டிருந்தது. குனிந்து எடுத்துவிட்டேன். முட்டை அத்தனை சூடாக இருக்குமென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சாயம் முக்கத் தெரியாது, எங்கள் வழக்கப்படி மஞ்சள் பூசினேன். மாமி கொல்லை வாசலில் நின்று, "குளத்துக்குப் போ" என்றார். "போகல்ல மாமி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் திருநாளென்று சோமன் சொன்னார். விடியுமுன் அங்கே வந்து சேர வண்டி பூட்டச் சொல்லியிருக்கிறேன். முட்டையோடு வாறேன். அவிப்பதோ அடை வைப்பதோ உன் இஷ்டம். உன் குடையும் கொண்டு வாறேன். பனியில் ஆள் தெரியாமல் போய்விடாதே, கையைப் பிடித்துக்கொள். தாளின் ஓரத்தில் மஞ்சள் பட்டிருப்பது என் விரல்தான்.

இன்னும் குளிக்காத
உன் உமை